பெயர் எழுதாத பலகை, முகம் செதுக்காத தளபதி

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நாற்காலி நிறையக் காலியாக இருக்கிறது.

'ரோமானியக் கல் சவப்பெட்டிகள்' என்று நோட்டீசில் பார்த்துவிட்டு ஒரு நண்பர் போன் பண்ணி, "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சுய்யா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் மகனையோ மகளையோ பார்க்க நியூஜெர்சி போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை உங்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே ரோமானியப் பகுதியில் பெரிய பளிங்குத் தொட்டி மாதிரி ஒன்று இருக்கும், அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவீர்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன்.

சவப்பெட்டி என்று சொன்னால் மரப்பெட்டி ஞாபகம் வருகிறது. நம்மூர் தொல்லியல்காரர்கள் ஈமப்பேழை என்கிறார்கள், நல்ல சொல், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய மொழிகளில் இருக்கும் 'சார்கோஃபகஸ்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, சதை தின்னி என்று அர்த்தம். இன்றைய துருக்கியில் இருக்கும் அசோஸ் என்ற ஊரில் கிடைக்கும் ஒரு கல்லில் பிணத்தை வைத்தால் 40 நாளில் பல்லைத் தவிர எல்லாம் கரைந்துவிடும் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். உண்மையோ இல்லையோ, பெயர் நிலைத்துவிட்டது.

ரோமானியர்கள் ரொம்ப காலம் பெரும்பாலும் பிணத்தை எரித்துச் சாம்பலைக் கலசத்தில் வைத்தவர்கள்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைக்கும் பழக்கத்துக்கு மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், அதற்குள் போனால் ராத்திரி ஆகிவிடும். மாறியதன் விளைவு என்னவென்றால், பணக்காரக் குடும்பங்களுக்குப் பெரிய பெட்டி தேவைப்பட்டது, அந்தப் பெட்டியின் மேல் சிற்பமும் தேவைப்பட்டது. ரோம், ஏதென்ஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் டோக்கிமேயன் என்று மூன்று இடங்களில் இது பெரிய தொழிலாகவே நடந்தது. ரோமில் செய்த பெட்டிகளுக்கு முன்பக்கமும் இரண்டு ஓரமும்தான் வேலைப்பாடு, பின்பக்கம் மொட்டை, ஏனென்றால் அது கல்லறைச் சுவரை ஒட்டி நிற்கப் போகிறது. மற்ற இரண்டு இடத்துக்காரர்கள் நாலு பக்கமும் செதுக்கினார்கள்.

தொழில் என்று சும்மா சொல்லவில்லை. இத்தாலியின் தெற்கே தாரந்தோ பக்கத்தில் கடலுக்கடியில் ஒரு ரோமானியக் கப்பலின் சரக்கு கிடைத்தது. 23 பளிங்கு ஈமப்பேழைகள், எல்லாமே அரைகுறை வேலை. இடத்தை மிச்சம் பிடிக்க, பாத்திரக்கடையில் குண்டானுக்குள் குண்டானாக அடுக்குவார்களே, அந்த மாதிரி பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். குவாரியிலேயே குடைந்து ஓரளவு உருவம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், போய்ச் சேர்ந்த ஊரில் வேறொரு சிற்பி மிச்ச வேலையை முடிப்பான். சில சமயம் முடிக்கவே மாட்டான். எனக்குப் பிடித்தது அந்த முடிக்காத இடங்கள்தான். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

மெட்ரோபாலிடன் மியூசியம் 1870-ல் தொடங்கியது. கையில் கட்டடம்கூட இல்லாத நேரத்தில் அவர்களுக்கு முதன்முதலாக வந்த பொருள் என்ன தெரியுமா? ஒரு ரோமானிய ஈமப்பேழை! துருக்கியின் தார்சஸ் ஊரில் கிடைத்தது, அங்கே அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த அப்தோ தெப்பாஸ் என்பவர் அன்பளிப்பாகக் கொடுத்தார். பதிவேட்டில் அதன் எண் 70.1. இன்று லட்சக்கணக்கில் பொருள் வைத்திருக்கும் அந்த இடத்தின் பிள்ளையார் சுழி ஒரு சவப்பெட்டி என்பது எனக்கு இன்னமும் சிரிப்பாக இருக்கிறது. வெற்றித் தேவதைகளும் சிறகு முளைத்த குட்டிப் பையன்களும் ஓக் இலை மாலைகளைத் தோளில் தாங்கி நிற்பார்கள். முன்பக்கம் நடுவில் பெயர் பொறிக்க ஒரு பலகை. அந்தப் பலகையில் ஒரு எழுத்து கிடையாது. அவ்வளவு செலவு பண்ணி வாங்கியிருக்கிறார்கள், யாருக்கு என்று மட்டும் எழுதவில்லை.

அதே மியூசியத்தில் பெயர் எழுதிய பேழையும் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். அனினியா ஹிலாரா என்ற மகள் தன் அம்மா கிளாடியா அர்ரியாவுக்காகச் செய்து வைத்தது, அம்மா 50 வருடம் 10 மாதம் வாழ்ந்தாள் என்று கணக்குச் சொல்கிறது. மூடியில் அம்மாவின் முகம். கீழே, என்றைக்கும் விழிக்காமல் தூங்கும் அழகன் எண்டிமியோனைப் பார்க்க நிலவு தேவதை செலினே தேரிலிருந்து இறங்கி வருகிறாள். சாவைத் தூக்கமாகச் சொல்வதற்கு இந்தக் கதையைப் பல குடும்பங்கள் விரும்பி வாங்கின. எனக்கு அந்தக் கதையைவிட அந்த 10 மாதம்தான் மனசில் நிற்கிறது. 50 என்று முழுசாக எழுதியிருக்கலாம், மகள் அந்தப் பத்து மாதத்தையும் விடவில்லை.

இனிமேல்தான் நான் முதலில் சொன்ன தொட்டி. பளிங்கில் தொட்டி வடிவத்தில் செய்தது, கி.பி. 260-270 வாக்கில். நடுவில் மது தெய்வம் டயோனைசஸ் சிறுத்தைமேல் வருகிறார், இரண்டு பக்கமும் நாலு பருவங்களும் நாலு இளைஞர்களாக நிற்கின்றன, மனிதரும் மிருகமுமாக மொத்தம் 40 உருவங்கள். இந்தத் தொட்டி வடிவமே திராட்சை பிழியும் தொட்டியிலிருந்து வந்ததுதான், அதனால் பொருத்தம். இதன் பின்பக்கம் வேலை முடியாமல் கிடந்தது. அந்த மொட்டைக் கல்லில் பிற்காலத்தில் ஒரு எழுத்து ஏறியிருக்கிறது: 1733-ல் இங்கிலாந்தில் பேட்மின்டன் மாளிகையில் இதை நிறுவிய செய்தி. பந்தாட்டத்துக்குப் பெயர் வந்ததே, அதே பேட்மின்டன்தான். போஃபோர்ட் பிரபுக்களின் வீடு அது. 1955-ல் நியூயார்க் வாங்கியது. ரோமானியச் சிற்பி வேண்டாம் என்று விட்ட இடம் ஆங்கிலேயப் பிரபுவுக்கு நோட்டுப் புத்தகமாகிவிட்டது.

டயோனைசஸ் என்றதும் பால்டிமோரில் வால்டர்ஸ் மியூசியத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோமில் 1885-ல் ஒரே குடும்பக் கல்லறையில் கிடைத்த பேழைகளில் ஏழு அங்கே இருக்கின்றன. ஒன்றில் டயோனைசஸ் இந்தியாவை வென்றுவிட்டு ஊர்வலமாகத் திரும்புகிறார், யானையெல்லாம் வருகிறது. நமக்கு அப்படி ஒரு தோல்வி ஏற்பட்டது நமக்கே தெரியாது!

முடிக்காத இடம் என்றேனே, அதில் உச்சம் ரோமிலேயே இருக்கிறது. பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ மியூசியத்தில் போர்த்தோனாச்சோ பேழை என்று ஒன்று, 1931-ல் கிடைத்தது, சுமார் கி.பி. 180-ல் செய்தது. முன்பக்கம் முழுக்கப் போர். குதிரை, ஈட்டி, விழுந்து கிடக்கிறவன், அவன் மேல் விழுகிறவன் என்று விரல் நுழைய இடம் இல்லை. துளைப்பானால் அவ்வளவு ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். தோற்றுப்போகிற முரட்டு வீரனின் தாடி மயிர்வரைக்கும் வந்திருக்கிறது. நடுவில் குதிரைமேல் தளபதி. அவன் முகம் மட்டும் வெறும் கல். மூடியிலும் கணவன், மனைவி முகம் அப்படியே. எதிரிக்கு முகம் உண்டு, காசு கொடுத்தவனுக்கு இல்லை. வாங்கியவர் சீக்கிரமே செத்துப்போய் அவசரமாக அடக்கம் செய்தார்களா, குடும்பத்தில் சண்டையா, கூலி பாக்கியா, ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். எனக்கு என்னமோ கூலி பாக்கி என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நான் கான்ட்ராக்ட் தொழிலில் இருந்தவன், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

இதெல்லாம் நேர்வழியில்தான் போய்ச் சேர்ந்ததா என்று ஒருவர் சீட்டு கொடுத்திருக்கிறார். எல்லாம் இல்லை. ஹெர்குலிஸின் 12 சாகசங்களைச் செதுக்கிய பேழை ஒன்று 2010-ல் ஜெனீவாவின் வரியில்லாக் கிடங்கில் அகப்பட்டது. மூன்று டன் எடை. துருக்கியிலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டது என்று வழக்கு நடந்து, 2017-ல் திரும்பிப் போனது, அங்கே அந்தாலியா மியூசியத்தில் வைத்தார்கள். மூன்று டன்னை ஒருவர் கண்ணிலும் படாமல் கொண்டுபோக முடிந்திருக்கிறது பாருங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. நெதர்லாந்தின் லைடன் மியூசியத்தில் இருக்கும் பேழை, 1930-ல் சிம்பல்வெல்ட் என்ற ஊரில் தோண்டியபோது கிடைத்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை, மணற்கல் பெட்டி. சிற்பம் எல்லாம் உள்பக்கம். ஒரு பெண் கட்டிலில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறாள், சுற்றிலும் அவள் வீடு: அலமாரி, மேஜை, நாற்காலி, தட்டில் பாத்திரங்கள். அவளையோ எரித்துவிட்டார்கள். பெட்டிக்குள் வைத்தது சாம்பலையும் நகைகளையும்தான். அப்புறம் மூடியைப் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டார்கள். ஏறக்குறைய 1,750 வருடம் அந்த நாற்காலியையும் அலமாரியையும் பார்க்க ஒரு ஆள் கிடையாது.