ஊரில் விளைகிற பணம் ஊரில் ஏன் தங்குவதில்லை?

(திரையில்: ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். தக்காளிப் பெட்டிகள் லாரியில் ஏறுகின்றன.)

இந்தத் தக்காளி உங்கள் தெருக் கடையில் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விளைவித்தவர் கைக்குப் போவது சுமார் 10 ரூபாய். ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024இல் போட்ட கணக்குப்படி, தக்காளி விலையில் விவசாயிக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி மண்டி கமிஷன், ஏற்றுக்கூலி, லாரி வாடகை, வழியில் நசுங்கிப்போவது, கடைக்காரர் லாபம் என்று கரைந்துவிடுகிறது.

"எல்லாம் இடைத்தரகர் செய்கிற வேலை" என்று முடித்துவிடலாம். ஆனால் லாரிக்காரரும் ராத்திரி முழுக்கக் கண்விழித்துத்தான் ஓட்டுகிறார். தக்காளி காத்திருக்காது, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எல்லார் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பழுக்கும். பழுத்ததைப் பறித்தால் சில நாளில் விற்றாக வேண்டும். அப்புறம், விதைக்கும் உரத்துக்கும் மண்டியிலேயே முன்பணம் வாங்கியிருந்தால், வேறு இடத்தில் விலை கேட்கக்கூட வாய் வராது. சாஸாகவோ ஊறுகாயாகவோ மாற்றும் ஆலை பக்கத்தில் இருந்தால், கூடுகிற மதிப்பும் அதற்கான சம்பளமும் ஊரோடு நிற்கும். ஆலை வைப்பவரோ மின்சாரம், சாலை, வங்கி, வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கிற இடத்தைத்தான் தேடிப் போகிறார்.

(திரையில்: இரண்டு எண்கள். 46, 18.)

இப்போது நாட்டுக் கணக்கு. 2023-24இல் இந்தியாவில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். மொத்த உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம். வகுத்துப் பாருங்கள்: வயலில் ஒருவர் உண்டாக்கும் மதிப்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கை மற்ற துறைகளில் ஒருவர் உண்டாக்குகிறார். ஒரு பானைச் சோற்றுக்கு அவ்வளவு பெரிய பந்தி. நிலமும் பாகம் பிரிந்துகொண்டே போகிறது. ஒரு விவசாயியிடம் இருந்த நிலம் 1970-71இல் சராசரி 2.28 ஹெக்டேர், 2015-16இல் 1.08.

சரி, கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டேவா போகிறது? மாதச் செலவை வைத்துப் பார்த்தால், இல்லை. 2023-24இல் கிராமத்தில் ஒருவருக்கு 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. அதாவது நகரத்தில் 70 சதவீதம் அதிகம். 2011-12இல் இதுவே 84 சதவீதமாக இருந்தது. கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனவர்கள் வீட்டுக்கு அனுப்புகிற பணத்துக்கு இதில் நல்ல பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தக்காளியால் குறைந்த மாதிரி தெரியவில்லை.