கயிற்றின் கீழ்முனை

நண்பர்களே, வணக்கம். பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் கட்டடக் கலை படித்தவன் அல்லன். ஒரே வீட்டை 1994-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் பார்த்தவன், அவ்வளவுதான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு குன்றின் உச்சியில் இருக்கும் மாண்டிசெல்லோ அது. விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தாமே வரைந்து, இடித்து, மறுபடி கட்டிய வீடு. அந்நாட்டு ஐந்து சென்ட் நாணயத்தைத் திருப்பினால் அதன் முகப்பைப் பார்க்கலாம்.

முதல் முறை போனபோது சாப்பாட்டு அறை நீலமாக இருந்தது. கண்ணுக்கு இதமான, கொஞ்சம் சாம்பல் கலந்த நீலம். மாண்டிசெல்லோ என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வரும். இரண்டாம் முறை வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அறை முழுக்க மஞ்சள்! முட்டைக் கருவை அப்படியே எடுத்துப் பூசியது போன்ற மஞ்சள். தவறான அறைக்குள் நுழைந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

விசாரித்ததில், நான் கால் நூற்றாண்டாக மனத்தில் வைத்திருந்த நீலம் 1936-இல் பூசப்பட்டதாம். சுவரின் வண்ணச் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்து, படலம் படலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1815 வாக்கில் ஜெஃபர்சன் அடிக்கச் சொன்னது குரோம் மஞ்சள். அந்தக் காலத்தில் புத்தம் புதிய நிறமி, விலையும் அதிகம். 2010-இல் அதையே மீண்டும் பூசிவிட்டார்கள். ஆதாரம் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் எனக்கு நீலம்தான் பிடிக்கிறது, என்ன செய்ய? பழைய வீடு என்றால் மங்கி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதில் குடியிருந்தவருக்கு அது புது வீடு என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு மாற்றத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1994-இல் வீட்டின் தெற்குப் பக்கத்தில் ஆண்கள் கழிவறை ஒன்று இருந்தது. நானும் போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். பார்வையாளர்களுக்காக 1941-இல் கட்டியது அது. பிற்பாடு அதை அகற்றித் தோண்டியபோது பழைய செங்கல் தரையும் கணப்பின் அடித்தளமும் வெளிப்பட்டன. சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை அது. ஜெஃபர்சனின் அடிமையாக இருந்தவர். அவருடைய குழந்தைகளைப் பெற்றவர். ஜெஃபர்சனின் மறைந்த மனைவிக்குத் தங்கையும்கூட: தாய் வேறு, தந்தை ஒருவரே.

அந்த அறையை 2018-இல் திறந்தார்கள். உள்ளே கட்டிலோ பெட்டியோ போட்டு நிரப்பவில்லை. சாலியின் உருவப்படம் ஒன்றுகூட உலகில் இல்லை. ஆகவே முகமில்லாத ஓர் உடை மட்டும் நிற்கிறது. சுவரில் நிழல்கள் அசைய, அவர் மகன் மேடிசன் சொல்லிவைத்த நினைவுகள் எழுத்தாக வந்து மறைகின்றன. தெரியாததை இட்டு நிரப்பாத இந்த அடக்கம், மேலே இருக்கும் அத்தனை மெருகேற்றிய மேசைகளையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த மேசைகளுக்கும் ஒரு கதை உண்டு. ஜெஃபர்சன் பெருங்கடனோடு இறந்தார். 1827-இல் ஏலம் விட்டார்கள்: வீட்டுச் சாமான்களோடு 130 மனிதர்களையும். சாமான்களில் பலவற்றைப் பின்னாளில் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. சாப்பாட்டு அறைக் கணப்பின் இரு பக்கமும் சின்னக் கதவுகள் உண்டு. திறந்தால் உள்ளே கயிறும் கப்பியும். நிலவறையிலிருந்து மதுப்புட்டி தானாக மேலே ஏறிவரும். 1994-இல் வாயைப் பிளந்து பார்த்தேன். விருந்தாளிகளின் கண்ணில் வேலையாள் படாமலே விருந்து நடந்தேறும். என்ன மூளை இந்த மனிதருக்கு என்று ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை நிலவறைக்கு இறங்கிப் போய், அந்தக் கயிற்றின் கீழ்முனையில் நின்றேன். புட்டியை எடுத்து வைக்க ஓர் ஆள் இங்கே காத்திருந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் பலகைத் தரையில் காலடிச் சத்தம். அடுத்த குழு சாப்பாட்டு அறைக்கு வந்துவிட்டது போலும். சற்று நேரத்தில் யாரோ வியந்து சிரிப்பது கேட்டது.