எத்தனை ஆடு சேர்ந்தால் மந்தை?

வணக்கம். லத்தீனில் ‘க்ரெக்ஸ்’ என்று ஒரு சொல் உண்டு. மந்தை என்று பொருள். வேற்றுமை ஏறும்போது ‘க்ரெக்’ என்ற அடி நிற்கும். அந்த ‘க்ரெக்’கை நீங்கள் எல்லாருமே கேட்டிருப்பீர்கள். மதிப்பெண்களைக் கூட்டி ‘அக்ரிகேட்’ என்கிறோமே, அது மந்தையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. குப்பையை ‘செக்ரிகேட்’ செய்யச் சொல்கிறார்களே, அது மந்தையிலிருந்து பிரித்து நிறுத்துவது. காங்கிரஸையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அது அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது.

சரி, எத்தனை ஆடு இருந்தால் மந்தை? ரோமானியச் சட்டத்துக்கு இது உண்மையான கேள்வி. ஓர் ஆட்டைத் திருடினால் வெறும் திருட்டு. மந்தையையே ஓட்டிக்கொண்டு போனால் குற்றத்தின் பெயரே வேறு, தண்டனையும் கடுமை. கோட்டை எங்கே போடுவது? 10 ஆடு என்று சிலர் கருதியதாகக் கல்லிஸ்த்ராத்துஸ் என்ற சட்ட அறிஞர் எழுதுகிறார். பன்றி என்றால் நாலைந்து. குதிரையோ மாடோ ஒன்றே போதும். கி.பி. 533இல் பேரரசர் யுஸ்தினியானுஸ் வெளியிட்ட ‘டைஜஸ்ட்’ தொகுப்பில் இதைப் பார்க்கலாம்.

ரோமானிய அறிஞர் வர்ரோ தன் எண்பதாவது வயதில் வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். அவருக்கே மந்தைகள் இருந்தன. குளிர்காலத்தில் அவை தெற்கே அப்பூலியாவில் மேயும், கோடையில் ரெயாத்தே மலைக்கு ஏறும். செம்மறி வாங்குகிறவன் விற்பவனிடம் என்ன உறுதி வாங்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். ஆடுகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும், நோய் கண்ட மந்தையிலிருந்து வந்திருக்கக் கூடாது. ஒற்றைக்கண் ஆடு, காது கேளாதது, வயிற்றில் ரோமம் இல்லாதது, இவை மூன்றும் கணக்கில் வராது. வயிற்றைக்கூடத் தடவிப் பார்த்திருக்கிறார்கள்!

இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் உண்டாக்கிய சொல்தான் ‘எக்ரெகியுஸ்’. மந்தையிலிருந்து வெளியே எடுத்தது, அதாவது மிகச் சிறந்தது. இதற்குப் பக்கத்திலேயே ‘எக்ஸிமியுஸ்’ என்று இன்னொன்று. பலிக்கென்று பொறுக்கி எடுத்த விலங்கை அப்படிச் சொன்னார்கள். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வேளாண்மை பற்றிப் பாடிய ‘ஜியார்ஜிக்ஸ்’ நான்காம் பாகத்தில், தேனீக்களை இழந்து நிற்கும் அரிஸ்தேயுஸிடம் அவன் தாய் இப்படி நான்கு காளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறாள். உடற்கட்டு நன்றாக இருந்ததுதான் அந்தக் காளைகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுபோனது. எனக்கு இந்த இடம் எப்போதும் மனதைப் பிசையும்.

எக்ரெகியுஸை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மறுபடி சொல்கிறேன், மந்தையிலிருந்து வெளியே எடுத்தது. இத்தாலிக்காரர்கள் இன்றும் மரியாதையான கடிதத்தை ‘எக்ரேஜியோ’ என்று தொடங்குவார்கள். ஆங்கிலத்திலும் முதலில் அது பாராட்டாகவே இருந்தது. அப்புறம் பொருள் தலைகீழாகி, இப்போது படுமோசமான தவற்றைத்தான் ‘எக்ரீஜியஸ்’ என்கிறார்கள். கூட்டத்தில் தனித்துத் தெரிகிறவனைப் புகழ்ந்த அதே சொல், அவனைத் திட்டவும் ஆகிவிட்டது. மேய்ப்பன் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய சொல்லுக்கு இந்தக் கதி வந்திருக்க வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ‘பெகுஸ்’ என்றால் கால்நடை, அதிலிருந்து ‘பெகூனியா’, பணம். மாடு என்றால் செல்வம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ரோமில் அபராதமும் கால்நடைதான். உச்சவரம்பு 2 ஆடு, 30 மாடு. ஒருவர் நோஞ்சான் மாட்டைக் கொடுப்பார், இன்னொருவர் கொழுத்ததைக் கொடுப்பார். அதனால் ஆட்டுக்கு 10 ஆஸ், மாட்டுக்கு 100 ஆஸ் என்று வெண்கலத்தில் மதிப்பு வைத்தார்கள். ஆஸ் என்பது ரோமானியரின் வெண்கலப் பண அலகு. அரசுப் பணத்தைக் கையாடுவதற்கு ‘பெகுலாத்துஸ்’ என்று பெயர், அதுவும் இதே குடும்பம்தான். நன்றி, வணக்கம்.