டாக்டரிடம் காட்டாத பை

வணக்கம் நேயர்களே. நான் சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை செய்பவள். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் பேசுவதில்தான் என் நாளின் பெரும்பகுதி போகிறது. இன்று ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

ஒரு பெண் தன் மாமனாருக்குக் கீமோ மாத்திரை வாங்க வந்திருந்தார். பெரியவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கேபசிடபைன் என்ற மாத்திரையை வீட்டிலேயே சாப்பிடுகிறார். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" என்று கேட்டேன். "இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுறார். வேற மருந்து எதுவும் இல்லக்கா" என்றார். பையை எடுத்துக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் திரும்பி வந்து, "வைட்டமின் மட்டும் கொடுக்கிறோம். அது மருந்து இல்லதானே?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நம் பேச்சில் மருந்து வேறு, சத்து மாத்திரை வேறு, டானிக் வேறு, நாட்டு மருந்து வேறு. தாதி ஆங்கிலத்தில் கேட்பார்: சப்ளிமெண்ட் ஏதாவது எடுக்கிறாரா என்று. கூட வந்த மகன் அப்பாவிடம் தமிழில் கேட்பார்: "வேற மருந்து சாப்பிடுறீங்களாப்பா?" அப்பா உண்மையைத்தான் சொல்வார்: "இல்லை." யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் டாக்டரின் கணினியில் தவறான பதில் பதிவாகிவிடுகிறது.

மறுவாரம் அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வந்தார். மேசையில் கொட்டினோம். பதினொரு புட்டிகள். 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, வைட்டமின் இ, பீட்டா கரோட்டீன், செலினியம், மீன் எண்ணெய், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் பி காம்ப்ளெக்ஸ், மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த குளிகை, எவ்வளவு என்று எங்குமே எழுதாத ஒரு பொடி, இப்படி. பைக்கு அடியில் நான்காக மடித்த ரசீது ஒன்று. கடற்பாலம் தாண்டி மலேசியாவில் ஒரு கிளினிக்கில் வைட்டமின் சி டிரிப் ஏற்றியதற்கான ரசீது. அதை மட்டும் அவர் சட்டென்று கையால் மூடிக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் திட்ட மனம் வரவில்லை. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் மருந்து எழுதுகிறார், தாதி ஊசி போடுகிறார், கருவி படம் எடுக்கிறது. பிள்ளைகள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சமைத்துக் கொடுத்தாலும் அப்பா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது, இந்த வைட்டமினால் ஒருவர் பிழைத்துவிட்டார் என்று. மகன் ஓவர்டைம் பார்த்த காசில் 300 வெள்ளிக்குப் புட்டி வாங்குகிறார். அது மூடத்தனம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவுக்காக எதையாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது.

சரி, வைட்டமின் சி மேல் இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1954-இல் வேதியியலுக்கும் 1962-இல் அமைதிக்கும் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் ஸ்காட்லாந்து டாக்டர் இவான் கேமரனும் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோய் முற்றிய 100 பேருக்குத் தினம் 10 கிராம் வைட்டமின் சி கொடுத்தோம், மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றார்கள். ஆனால் அந்த "மற்றவர்கள்" பழைய மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து எடுத்தவர்கள். அது சரியான ஒப்பீடு ஆகாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 1979-இலும் 1985-இலும் முறையாகச் சோதித்தது. யாருக்கு வைட்டமின், யாருக்குப் போலி மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பலன் எதுவும் தென்படவில்லை.

டிரிப் ஏற்றுவது வேறு கதை என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வாயால் எவ்வளவு சாப்பிட்டாலும் குடல் ஓர் அளவுக்கு மேல் உறிஞ்சாது; ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும். அதனால்தான் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. சீனாவில், உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய் உள்ள 442 பேரிடம், கீமோவோடு சேர்த்து இதைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட, வைட்டமினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் கூடுதலாகக் கட்டுப்படவில்லை. மற்றப் புற்றுநோய்களில் சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஆய்வில் ஏற்றும்போது முன்கூட்டியே ரத்தம் பார்ப்பார்கள், சிறுநீரகம் பார்ப்பார்கள், பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்கள்.

ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள்? ஜி6பிடி என்ற நொதி இருக்கிறதா என்று. அது குறைவாக உள்ளவர்களுக்குப் பெரிய அளவில் வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். பீரோவில் பாச்சை உருண்டை போடாதீர்கள் என்று சில பெற்றோரிடம் சொல்லி அனுப்புவார்களே, அந்தக் குறைபாடுதான். நம் பெரியவர் 1965-க்கு முன்னால் பிறந்தவர். யாரும் பார்த்ததில்லை. டிரிப் ஏற்றிய இடத்திலும் கேட்கவில்லை. நல்லவேளையாக அவருக்கு அந்தக் குறைபாடு இல்லை.

ஆனால் வேறொன்று நடந்திருந்தது. டிரிப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று இரவு, வழக்கம்போல் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கருவி 24 மில்லிமோல் என்று, அதாவது மிக அதிகமாகக் காட்டியது. பயந்துபோன மகன் இன்சுலினைக் கூட்டிப் போட ஊசியைத் தயார் செய்துவிட்டார். பெரியவர்தான், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, தாகம்கூட இல்லை, பொறு" என்று தடுத்தார். அவசரப் பிரிவுக்குப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 9. வேதியியலில் வைட்டமின் சி சர்க்கரைக்கு நெருங்கிய சொந்தம். அது ரத்தத்தில் ஏராளமாக இருக்கும்போது வீட்டில் வைத்திருக்கும் சிலவகைக் கருவிகள் அதையும் சர்க்கரை என்று எண்ணிவிடும். அன்று அந்த ஊசி போட்டிருந்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப் போயிருக்கும். நம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் இன்சுலின் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பி காம்ப்ளெக்ஸ் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அதில் ஃபோலிக் அமிலம் இருக்கும். கேபசிடபைன் சாப்பிடுபவர் அதையும் அதிகமாகச் சேர்த்துக்கொண்டால் கீமோவின் பக்க விளைவுகள் கூடும்: வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது. பெரியவரின் பாதம் அப்படித்தான் வெடித்துக் கிடந்தது. அவருடைய டாக்டர் கீமோவின் அளவைக் குறைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் தினம் இரண்டு பி காம்ப்ளெக்ஸ் உள்ளே போவது அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெம்பு வரட்டும் என்று கொடுத்த மாத்திரையால், அப்பாவுக்கு வேண்டிய மருந்து குறைந்துபோக இருந்தது.

இன்னொரு மருந்துக்கு இதே ஃபோலிக் அமிலத்தை டாக்டர்களே கொடுப்பார்கள். சிலவகை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெமெட்ரெக்செட் ஊசிக்கு முன்னால் ஃபோலிக் அமிலமும் பி12-ம் கட்டாயம். வயிற்றை முழுதும் எடுத்தவருக்கு வாழ்நாள் முழுவதும் பி12 வேண்டும். எலும்பைத் தேய வைக்கும் புற்றுநோய் மருந்து எடுக்கும் பெண்களுக்கு வைட்டமின் டி எழுதுவார்கள். ஒரே வைட்டமின் ஒரு மருந்தோடு துணையாக இருக்கும், இன்னொரு மருந்தோடு மோதும். ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்குக் கொடுக்கும் போர்டெசோமிப்போடு வைட்டமின் சி ஒத்துப்போகாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது நம் வீட்டில் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க முடியாது.

பீட்டா கரோட்டீன் புட்டியை நான் தனியாக எடுத்து வைத்தேன். பெரியவர் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர், நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டீன் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களிடம் அது 18 விழுக்காடு கூடியது. கேரட் சாப்பிடுங்கள், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், அதில் பயமே இல்லை. புட்டியில் அடைத்த அளவுதான் பிரச்சினை. மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடும் மஞ்சளுக்கும், சத்தைப் பிழிந்து மிளகுச் சத்தோடு சேர்த்துக் குளிகையாக்கிய மஞ்சளுக்கும் வித்தியாசம் உண்டு. மிளகில் உள்ள பைப்பரின், மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையே மாற்றும்.

பி17 என்று ஒன்று சொல்வார்கள். அது வைட்டமினே இல்லை. ஆப்ரிகாட் கொட்டையில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருள். உடம்புக்குள் போனால் சயனைடு வரும். 178 நோயாளிகளிடம் சோதித்து 1982-இல் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜப்பானியர் இங்கே ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த நம் பாட்டிமார் அதை நன்றாக வேகவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதே நஞ்சுதான் இதிலும் வருகிறது.

"கடையில்தானே விற்கிறார்கள், அரசாங்கம் பார்க்காமலா விடும்?" என்று கேட்பீர்கள். சத்து மாத்திரைகளை இங்கே விற்பதற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் மருந்துபோல் உரிமம் பெற வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யத்தான் சட்டம் தடை போடுகிறது. வாட்ஸ்அப் செய்தியில் அப்படி ஒரு வரி இருந்தால், அனுப்பியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், புட்டியை ஒதுக்கி வையுங்கள்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். "எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் குடும்பம் நிறுத்தாது, சொல்வதைத்தான் நிறுத்தும். தமிழில் கேட்கும்போது மருந்து என்ற சொல்லை விட்டுவிடுங்கள். வாயில் போடுவது, கரைத்துக் குடிப்பது, டிரிப்பாக ஏற்றுவது, ஊரிலிருந்து வந்தது, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், பதில் வரும். வீட்டில் இருப்பவர்களும் புட்டிகளைப் பெயர், அளவு தெரிகிற மாதிரி கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெரியவரின் டாக்டர் பதினொரு புட்டிகளையும் ஒன்றொன்றாகக் கையில் எடுத்துப் படித்தார். இரண்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றை கீமோ முடிந்ததும் பார்க்கலாம் என்றார். மற்றவை வேண்டாம். டிரிப்பும் வேண்டாம். பெரியவர், "டாக்டர் கோபிப்பார்னுதான் சொல்லலை" என்றார். புட்டிகளை வாங்கிய மகன் அறைக்கு வெளியே நின்று என்னிடம் கேட்டார்: "அப்போ அப்பாவுக்கு நான் என்னதான் செய்யறது?"

பாதத்துக்கு யூரியா கலந்த கிரீம் ஒன்றைக் கொடுத்து, தினமும் இரண்டு வேளை மெதுவாகத் தடவச் சொன்னேன், தேய்க்கக் கூடாது. சூடான தண்ணீரில் கால் வைக்க விட வேண்டாம், புண்ணோ கொப்புளமோ வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்து மருந்து வாங்க அந்த மகனே வந்தார். பாதம் பரவாயில்லை, அளவைக் குறைக்கவில்லை என்று சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு ஆசீர்வாதம் வாங்கினப்போ தொட்டது. அதுக்கப்புறம் இப்பத்தான் அப்பா காலைத் தொடுறேன்."

நன்றி. வணக்கம்.