மாவளிக்கு ஒரு கூடை பனம்பூ

இராமநாதபுரம் கடற்கரைக் கிராமம் ஒன்றில், புரட்டாசிக் கடைசியில் ஊர் மக்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.

தாய்மார்களே, பெரியவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

சரஸ்வதி பூசை, தீபாவளி, கார்த்திகை என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வரும் காலம் இது. சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வந்துவிடுகிறார்கள். கார்த்திகைக்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் வீடு நிறைய ஆள் தேவைப்படுகிற பண்டிகை கார்த்திகைதான். தீபாவளிக்குத் துணி, பட்டாசு, பலகாரம் எல்லாமே கடையில் கிடைத்துவிடும். கயிற்றில் கட்டிச் சுற்றினால் நெருப்புப் பொறி பறக்கிற மாவளியையும், பனை ஓலையில் பொதிந்து வேகவைக்கிற ஓலைக் கொழுக்கட்டையையும் நாலு கை சேர்ந்து செய்தால்தான் உண்டு. அகநானூற்று 141ஆம் பாட்டில் இந்த விழா வருகிறது. தெருவில் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, பலரோடு நெருங்கிக் கூடிக் கொண்டாடுவதாகத்தான் அங்கேயும் சொல்லியிருக்கிறது. கூட்டம் இந்த விழாவோடேயே பிறந்தது.

மாவளியை முதலில் சொல்கிறேன். இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளில் பலர் அதைச் சுற்றிப் பார்த்ததில்லை. செய்யத் தெரிந்த ஐயாக்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாவளிக்கு வேண்டியது ஆண்பனையின் பூ. ஆண்பனையைத்தான் அலகுப்பனை என்கிறோம். காய்க்கிற பருவப்பனையின் பாளை இதற்கு ஆகாது. கோடையில் பூத்து முடிந்த பூக்கதிர், விரல் தடிமனில் காய்ந்து கறுத்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ஒரு கூடை பூ இருந்தால் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போதும்.

முழங்கை ஆழத்தில் ஒரு குழி வெட்டி, பூவைப் போட்டுக் கொளுத்துங்கள். பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தழல் நன்றாகப் பிடித்துப் பூவெல்லாம் செக்கச்செவேல் என்று ஆனதும், உடனே தகரத்தைப் போட்டு மூடி மேலே மண்ணை அள்ளிப் போட்டுவிட வேண்டும். காற்றே புகக் கூடாது. கொஞ்சம் தாமதித்தாலும் கரி சாம்பலாகிவிடும். சாம்பலில் எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அதில் பொறி பறக்காது. அவசரப்பட்டு முன்னாலேயே மூடினால் பூ பாதி வெந்து நிற்கும், சுற்றும்போது புகைதான் வரும். மறுநாள் காலையில் திறந்து, உள்ளே கனல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கரியை எடுங்கள். அம்மியிலோ உரலிலோ மைபோலப் பொடித்து, சல்லடையில் சலித்து, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழையின் ஈரக்காற்றைக் கரித்தூள் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். பொதிவதற்கு முன்னால் ஒருமுறை வெயில் காட்டுவது நல்லது.

பொதிகிற துணி பழைய பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு சாண் நீளத்தில், இரண்டு விரல் தடிமனில் துணியைப் பைபோலத் தைத்துக் கரித்தூளை நிரப்புங்கள். இறுக்கித் திணித்தால் உள்ளே காற்றுப் போகாமல் கனல் அணைந்துவிடும். தொளதொளவென்று விட்டால் முதல் சுற்றிலேயே தூள் கொட்டிவிடும். விரலால் அமுக்கினால் லேசாக அமுங்கி நிற்பதுதான் சரியான பதம். வாயை நூலால் கட்டுங்கள். பிறகு பச்சைப் பனைமட்டையை ஒரு முழத்துக்கு நறுக்கி, மேல்பாதியை மூன்றாகப் பிளந்து, பிளவுக்குள் பொதியைச் செருகி, மேலும் கீழும் நாரால் கட்ட வேண்டும். பச்சை மட்டை எளிதில் தீப்பிடிக்காது, காய்ந்த மட்டை பொதியோடு சேர்ந்து எரிந்துவிடும். அடிப்பக்கத்தில் மூன்று நான்கு அடி கயிறு. மட்டையை ஒட்டிய ஒரு சாண் கயிற்றைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

பொதியின் நுனியில் நெருப்புக் கங்கு ஒன்றை வைத்து ஊதி, துணியைத் தாண்டிக் கனல் கரிக்குள் இறங்கிய பிறகுதான் சுற்றத் தொடங்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. சுற்றுகிற வேகத்தில் காற்று உள்ளே புகுந்து கனலை ஏற்றும், கனன்ற தூள் பொறியாகச் சிதறும். பிள்ளையைச் சுற்றி நெருப்பால் பின்னிய ஒரு வளையம் நிற்கும். பார்க்கிறவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும்.

நம் ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும். ஓலைக்கூரை, வைக்கோல் படப்பு, காய்கிற நைலான் வலை, படகுக்கு வாங்கி வைத்த டீசல் கேன், இவற்றுக்கு வடக்கிலோ கிழக்கிலோ நின்று சுற்றக் கூடாது. பொறி நேரே அங்கேதான் போகும். திறந்த மணல்வெளியே சரியான இடம். ஒரு வாளித் தண்ணீரோடு பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இனிக் கொழுக்கட்டை. ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இடித்து, இளம் சூட்டில் வறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 700 கிராம் கருப்பட்டி, 150 கிராம் சிறுபருப்பு, ஒரு தேங்காய், பத்து ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு. சிறுபருப்பை வறுத்து, நசுங்காத பதத்தில் வேகவைக்க வேண்டும். கருப்பட்டியைத் தட்டி 400 மில்லி தண்ணீரில் கரைய விட்டு வடிகட்டுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும், வடிகட்டாத கொழுக்கட்டை பல்லில் நறநறக்கும். பாகு காய்ச்ச வேண்டாம், பாகுப்பதம் போனால் கொழுக்கட்டை ஆறியதும் கல்லாகிவிடும். பருப்பு, தேங்காய், ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் மாவோடு சேர்த்து, கரைசல் சூடாக இருக்கும்போதே அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. இந்த அளவுக்கு முப்பத்தைந்து, நாற்பது கொழுக்கட்டை வரும்.

கருப்பட்டி வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். சீனி கலந்ததில் உள்ளே பளபளவென்று பரல் மின்னும். பதநீர் கோடையோடு முடிந்துவிடுவதால் இப்போது கிடைப்பது இருப்புச் சரக்குதான். மழைக்காலத்தில் அது கசியும். ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டது அப்பத்தாக்களின் வழக்கம், இன்றைக்கும் அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஓலைக்கு வடலியின், அதாவது இளம்பனையின், இளம் ஓலை வேண்டும். ஒரு வடலியில் ஓர் ஓலைக்கு மேல் எடுக்காதீர்கள், நடுக்குருத்தில் அரிவாள் படவே கூடாது. குருத்து போனால் பனை போயிற்று, பக்கத்தில் வேறு கிளை விடுகிற மரம் இல்லை அது. ஓலையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு சாண் அளவு நறுக்கி, அதன் இயல்பான மடிப்புக்குள் மாவை நீளமாக வைத்து மூடி, ஓலைக் கிழிசலால் கட்டுங்கள். நறுக்கக் கத்தி பிடிக்கிற கை, துடைக்கிற கை, பிடிக்கிற கை, கட்டுகிற கை. அப்பத்தாவும் அம்மாச்சியும் அத்தையும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை, ஒருத்தியே செய்தால் மத்தியானம் முழுக்கப் போய்விடும். அடியில் ஓலைத்துண்டு பரப்பிய பானையில் இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வேகட்டும். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், மாவு ஓலையில் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புது அகலை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள், இல்லாவிட்டால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். தொண்டி, தேவிபட்டினம் என்று வடகடல், அதாவது பாக் விரிகுடா பார்த்த ஊர்களில் வாடை நேராக முகத்தில் அடிக்கும், அங்கே மாடக்குழியிலும் திண்ணைச் சுவரோரத்திலும் வைத்தால்தான் விளக்கு நிற்கும். கிணற்றடிக்கும் தொழுவத்துக்கும் குப்பைக்குழிக்கும் ஒவ்வொரு விளக்கு. நமக்குச் சோறு போட்டவற்றுக்கு நன்றி சொல்கிற விதம் இது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியோடு படுகிற பாடும் இதே காற்றோடுதான். மணலில் கைப்பிடி ஆழக் குழி எடுத்து உள்ளே ஏற்றினால் சுடர் அணையாது.

விளக்கு வைக்காமல் நாம் விட்டுவிடுவது பனைக்குத்தான். மாவளியின் பூ, மட்டை, நார், கொழுக்கட்டையின் ஓலை, கருப்பட்டி, கோயிலில் கொளுத்துகிற சொக்கப்பனை, அத்தனையும் அது கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல இந்த மாதத்தைவிட நல்ல காலம் கிடையாது. ஆவணி புரட்டாசியில் உதிர்ந்த பழம் இப்போதும் மரத்தடியில் கிடக்கிறது. ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். கண்மாய்க் கரையிலும் காட்டு வரப்பிலும் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் குழியில் போட்டு மூடுங்கள். நம் மாவட்டத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். கிழங்குக்காகக் கொட்டை அடுக்கிய பாத்தியிலிருந்து சிலவற்றைப் பிடுங்காமல் விட்டாலும் வடலியாகிவிடும். பாளை விட அதற்குப் பதினைந்து வருடம் பிடிக்கும். இன்றைக்கு இங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பிள்ளைகள் அந்தப் பூவில் மாவளி சுற்றுவார்கள்.

ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. முதல் மழை விழுந்துவிட்டால் தரையில் கிடக்கிற பூ ஊறி இற்றுப்போகும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு சாக்கோடு பனங்காட்டுக்குப் போங்கள். திரும்பி வரும்போது பூ ஒரு கையில் இருக்கட்டும், மறு கையில் கொண்டுபோன மண்வெட்டியில் ஈரமண் ஒட்டியிருக்கட்டும்.