சேற்றுக்குள் கிடந்த கப்பலைக் காட்டிக்கொடுத்த ஒலி

(திரையில்: பழைய வரைபடம், இங்கிலாந்தின் தென்கரை)

1545 ஜூலை 19. சோலன்ட் நீரிணையில் பிரெஞ்சுக் கடற்படையோடு சண்டை நடக்கிறது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் சாய்ந்து மூழ்கிவிடுகிறது. மன்னர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1836-ல் ஜான் டீன் என்பவர் அங்கே முக்குளித்துச் சில பீரங்கிகளை எடுத்தார். அதன் பிறகு இடமே மறந்துபோனது. 1960-களில் அலெக்சாண்டர் மெக்கீ என்ற முக்குளிப்பாளர் மறுபடி தேடினார். ஆழம் அதிகமில்லைதான். ஆனால் கப்பல் சேற்றுக்குள் புதைந்துகிடந்தது. கலங்கல் தண்ணீரில், வெறும் கடல்தரையில், கண்ணுக்கு என்ன தெரியும்?

(திரையில்: படகின் அடியிலிருந்து கீழே இறங்கும் ஒலி அலைகள்)

இங்கேதான் ஒலி வருகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். படகிலிருந்து அனுப்பிய ஒலி 0.02 வினாடியில் திரும்பினால், போகவர 30 மீட்டர். அப்படியென்றால் ஆழம் 15 மீட்டர்.

சேற்றைத் தொட்டதும் ஒலி மொத்தமும் திரும்பிவிடாது. ஒரு பகுதி எதிரொலிக்கும், மிச்சம் உள்ளே இறங்கும். உள்ளே சேறு முடிந்து மரம் தொடங்கினால், அங்கிருந்து இன்னொரு எதிரொலி வரும். நீரில் ஊறிய மரம் சுற்றியுள்ள சேற்றைவிட அடர்த்தி குறைவாக இருந்தால், அந்த எதிரொலி அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறி, தலைகீழாகப் பதிவாகும். அழகான தடயம் இது! இதில் ஒரு இழுபறியும் உண்டு. அதிர்வெண் குறைந்தால் ஒலி ஆழமாக இறங்கும், ஆனால் படம் மங்கும். கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி மேலோட்டமாகவே நின்றுவிடும்.

1967, 68-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன், இப்படி ஒலியால் கடலடியைத் துழாவும் சோனார் கருவிகளோடு வந்தார். சேற்றுக்கு அடியில் பெரிதாக ஏதோ இருப்பது பதிவில் தெரிந்தது.

அது மேரி ரோஸ்தானா என்று ஒலி சொல்லாது. எங்கே தோண்டலாம் என்றுதான் சொல்லும். அதற்கு மேல் முக்குளிப்பவர்களின் உழைப்பு. 1971 மே மாதம் அவர்களில் ஒருவரான பெர்சி அக்லண்ட் கப்பலின் விலாக்கட்டைகளைக் கண்டார். 1982 அக்டோபர் 11-ல் கப்பல் மேலே வந்தது. அங்கே கிடைத்த பொருட்கள் 19,000-க்கும் அதிகம்.

(திரையில்: அருங்காட்சியகத்தில் மேரி ரோஸ்)

இத்தனையும் மிஞ்சியதற்குக் காரணமே அந்தச் சேறுதான். மரத்தை அரிக்கும் கடற்புழுவை அது அண்டவிடவில்லை. சேற்றை விட்டு வந்த மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் முதலில் தண்ணீர், பிறகு மெழுகுபோன்ற ஒரு வேதிப்பொருள் என்று 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று பல கப்பல்களைத் தூக்காமல், ஒலியால் அளந்து வரைந்துகொண்டு, சேற்றிலேயே விட்டுவைப்பது இதனால்தான்.