பிரித்து வைப்பது சுமையே!

நடுவருக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, வணக்கம் இவ்வளவுதான்.

'கல்லூரியில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது பாதுகாப்பா, சுமையா?' சுமைதான் என்கிறது எங்கள் அணி. எனக்குத் தெரிந்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. இரட்டையராகப் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பு. ஒருநாள் டிபன் பாக்ஸ் மாறிவிட்டது. இரண்டிலும் லெமன் சாதம்தான், ஆனால் முட்டை தங்கச்சி டப்பாவில்! கொடுக்கப் போனவனைப் பிடித்துவிட்டார்கள்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"தங்கச்சி சார்."

"எல்லாரும் அதான் சொல்றான். எத்தனை வயசு வித்தியாசம்?"

"மூணு நிமிஷம் சார்!"

சிரிக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. அப்பாவை வரச்சொன்னார்கள். வாசல் நோட்டில் 'வந்த காரணம்' என்ற இடத்தில் அவர் எழுதினார்: 'என் மகன் என் மகளிடம் பேசிவிட்டான்.' உள்ளே போனால் மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். மனிதர் பேனாவைத் திறந்தார்: 'பிறப்பதற்கு முன்பே இருவரையும் ஒரே இடத்தில் தங்கவிட்டது எங்கள் தவறுதான்!'

எதிரணி ஐயா என்னைப் பார்த்து, "அம்மா மட்டும் லேடீஸ் சீட்ல உட்கார்ந்துதானே வந்தாங்க?" என்றார். ஆமாம் ஐயா. டிக்கெட்டுக்குக் காசும் கொடுக்கவில்லை. 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எங்களுக்கு இலவசம். அதுதான் எரிகிறது என்றால் தனிப் பட்டிமன்றம் வையுங்கள், வருகிறேன். ஆனால் லேடீஸ் சீட்டில் இருந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறவரிடம் "ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்று கேட்டால், கண்டக்டர் என் வீட்டுக்குப் போன் போடுவதில்லை! அந்த சீட்டும் எதற்கு வந்தது? இடிக்கிறவனைத் திருத்த முடியவில்லை, எங்களை நகர்த்தி உட்கார வைத்தார்கள்.

சரி, கேலி போதும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, ஆண்கள் மட்டுமே படித்த இடம். ஒரு பெண் சேர வந்தபோது, பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்பு. மன்னர் இடம் கொடுத்தார். வகுப்பில் திரை கட்டி அதற்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டரானார். முத்துலட்சுமி ரெட்டி. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பையன்களின் பிள்ளைகளும் பேரன்களும் உயிர் கேட்டு அங்கே போய் நின்றிருப்பார்கள், நடுவர் அவர்களே. எங்கள் பெரியப்பா நின்றார். திரும்பி வந்து, என் கல்யாணப் பந்தியில் தன் கையால் பாயசம் ஊற்றினார்...

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன்.